குறைந்த செலவில் வீட்டுக்குள் ஒரு கணப்பு

சித்தூர், திருப்பதி என்னும் பெயர்களைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கோடை வெயில்தான். அந்த ஊர்களில் வீட்டுக்குள் தீ மூட்டிக் குளிர்காய்வதற்கு ஓர் இடம் கட்டலாம் என்று எழுதினால் வாசகர்கள் புன்னகை செய்யக்கூடும். ஆயினும் பழைய சித்தூர் மாவட்டம் முழுவதும் ஒரே தட்பவெப்பம் உடையது அன்று. திருப்பதி சேஷாசல மலையின் அடிவாரத்தில் வெப்பத்தைத் தாங்கிக் கிடக்கிறது. சித்தூரிலிருந்து மேற்கே சென்று மொகிலி கணவாயில் ஏறினால் காற்றே மாறிவிடுகிறது. பலமநேர், புங்கனூர், மதனப்பள்ளி ஆகிய ஊர்கள் மேட்டுநிலத்தில் அமைந்தவை. மதனப்பள்ளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு அப்பால் எழும் ஹார்ஸ்லி மலையின் உயரம் ஏறத்தாழ 1,265 மீட்டர். கடப்பை மாவட்ட ஆட்சியராக இருந்த ஹார்ஸ்லி என்னும் ஆங்கிலேயர் கோடை வெயிலுக்குத் தப்பி இங்கே இல்லம் அமைத்துக் கொண்டதால்தான் மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-இல் காசநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டதற்கும் இப்பகுதியின் இதமான, வறண்ட காற்றே முக்கியக் காரணம்.

கோடையில் இதம் தரும் அதே உயரம், மார்கழியிலும் தையிலும் எலும்பைத் துளைக்கும் குளிரைத் தருகிறது. வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்கும் இரவுகளில், முதியோர் உள்ள வீடுகளில் குமுட்டி அடுப்பு வெளியே எடுக்கப்படும். தெலுங்கில் அதற்குக் கும்பட்டி என்று பெயர். இரு மொழியும் புழங்கும் எங்கள் வீட்டில் இரண்டு பெயரும் வழங்கின. கரியைக் கனியவைத்து, அறையின் நடுவில் வைத்து, குளிர்காற்று நுழையாதபடி கதவையும் சன்னலையும் சாத்திவிடுவோம். அது எத்தனை பெரிய தவறு என்பதை ஒரு தை மாத இரவில்தான் உணர்ந்தோம்.

அன்று அம்மா வழக்கம்போல் குமுட்டியின் அருகே படுத்திருந்தார். நள்ளிரவில் தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது என்று எழுந்தவர், இரண்டடி எடுத்து வைப்பதற்குள் தடுமாறி விழுந்தார். பித்தம் என்று நினைத்துச் சுக்கு நீர் வைக்கப் போனோம். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் வந்து பார்த்த முதல் நொடியிலேயே, "முதலில் கதவைத் திறங்கள், அம்மாவை வெளியே கொண்டு வாருங்கள்" என்றார். அறையில் புகையே இல்லை. ஆனால் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிட்டுக் கொண்டிருந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாகப் பிணைந்து கொள்கிறது. மருத்துவமனையில் ஓர் இரவு ஆக்சிஜன் செலுத்தியபின் அம்மா தேறினார். உதகையிலும் கொடைக்கானலிலும் மூடிய அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியோர் விடியலில் எழாமற்போன செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறேன். நம் வீட்டிலும் அது நேரலாம் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

மறு ஆண்டு குளிர்காலத்துக்கு முன் எங்கள் கூடத்தில், புகைபோக்கியுடன் கூடிய ஒரு சிறு கணப்பைக் கட்டினோம். இன்று பலரும் விரும்பும் சாம்பல்நிறக் கான்கிரீட் மேனி கொண்ட அக்கணப்பு, செங்கல்லாலும் சிமெண்டுப் பூச்சாலும் குறைந்த செலவில் ஆனது. அதைக் கட்டியபோது கற்றவற்றையும், செய்த பிழைகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

புகைக்கு ஒரு வழி

கணப்பு என்பது தமிழில் பழகிய சொல். குளிர்காயும் தீயையும் அதன் வெம்மையையும் அது குறிக்கும். கணப்புச்சட்டி நம் முன்னோர் வீடுகளில் இருந்ததே. நம்மிடம் இல்லாதிருந்தது புகையை வெளியேற்றும் குழாய்தான். ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் புகை தானாகவே கசிந்து போயிற்று. கான்கிரீட் தளம் வந்தபின் அதற்கு வழியில்லாமல் போயிற்று.

இக்குறையைத் தீர்க்க இந்த நாட்டில் நடந்த முயற்சிகள் பல. வார்தாவில் உருவான மகன் அடுப்பு 1947-இல் அறிமுகமானது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, புகையில்லாச் சமையலறை குறித்து எழுதிய சிறுநூல் 1953-இல் சென்னையில் வெளியாயிற்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தோன்றிய அஸ்த்ரா என்னும் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு, பின்னாளில் மூன்று பாத்திரங்கள் வைக்கும் புகைபோக்கி அடுப்பை வடிவமைத்தது. 1999-இல் ஆந்திரத்தில் தீபம் திட்டமும், 2016 மே 1-இல் நாடு முழுவதற்குமாக உஜ்வலா திட்டமும் தொடங்கிய பிறகு எரிவாயு ஏழை வீடுகளுக்கும் வந்து, சமையலறைப் புகை பெருமளவு குறைந்தது. ஆனால் குளிர்காய்வதற்கு மூட்டும் தீக்கு இத்திட்டங்களில் இடமில்லை.

ஐரோப்பிய வீடுகளில் இதே சிக்கலைத் தீர்த்தவர் ரம்ஃபோர்டு பிரபு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் வீடுகளின் கணப்புகள் அறைக்குள் புகையைக் கக்கிக் கொண்டிருந்தன. அவற்றின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக்கி, புகை ஏறும் தொண்டையைக் குறுக்கினால் போதும் என்று 1796-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் விளக்கினார். ஆழம் குறைந்தால் வெம்மை அறையை நோக்கிப் பரவும். தொண்டை குறுகினால் புகை விரைந்து மேலேறும். இன்றளவும் நல்ல கணப்புகள் இந்த விதியையே பின்பற்றுகின்றன.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

திறந்த கணப்பு சிக்கனமான வெப்பக் கருவி அன்று. விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். எனவே ஆண்டில் ஐந்தாறு வாரமாவது குளிர் வாட்டும் ஊரில், தரைத்தளத்தில், சொந்த வீட்டில் வாழ்வோருக்கே இது பொருந்தும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வேண்டவே வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருப்பின் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க.

திருப்பதி, சித்தூர், ஸ்ரீகாளஹஸ்தி போன்ற வெப்பமான ஊர்களில் வாழ்வோர் அழகுக்காக விரும்பினால், கீழே சொல்லும் சிமெண்டு மேனியோடு சுவரில் ஒரு மாடம் மட்டும் அமைத்து, அதனுள் அகல் விளக்குகளோ மின்விளக்கோ வைத்துக் கொள்ளலாம். புகைபோக்கியும் தீச்செங்கல்லும் தேவையில்லாததால் செலவு மிகவும் குறையும். கார்த்திகை மாதத்தில் அந்த மாடம் தரும் அழகை எந்த விலையுயர்ந்த அலங்காரமும் தராது.

இடமும் அளவும்

முதலில் எழும் கேள்வி, எங்கே கட்டுவது என்பது. மேல்தளத்தை உடைத்துப் புகைபோக்கியை மேலே கொண்டுசெல்வது செலவும் ஆபத்தும் மிக்கது. கம்பிகள் அறுபடும், மழைநீர் கசியும். எங்கள் மேஸ்திரி சொன்ன வழி எளியது. "ஐயா, சுவரை ஏன் உடைக்க வேண்டும்? இருக்கிற சன்னல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்" என்றார் அவர். வெளிச்சுவரிலுள்ள 1.2 மீட்டர் அகலச் சன்னலுக்கு மேலே ஏற்கெனவே கான்கிரீட் உத்தரம் இருக்கிறது. சன்னல் சட்டத்தை எடுத்து, அதன் கீழுள்ள சுவரை மட்டும் தரைவரை அகற்றினால் கணப்புக்கு வேண்டிய வாய் கிடைத்துவிடும். உத்தரத்தைத் தொடவே கூடாது. கணப்பின் உடல் சுவருக்கு வெளியே, தனக்கென ஓர் அடித்தளத்தில் நிற்கும். அறைக்குள் இடமும் வீணாகாது. வேலையைத் தொடங்குமுன் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து ஒருமுறை பார்க்கச் சொல்வது கட்டாயம். ஒரு சன்னல் குறைவதால், அறையில் வேறொரு சன்னலாவது இருக்க வேண்டும்.

அளவுகள் இவை. தீ எரியும் வாயின் அகலம் 60 செ.மீ., உயரம் 50 செ.மீ. தீமேடை தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் முதியோர் குனியாமல் விறகு இடலாம். உள்ளாழம் 35 செ.மீ. பின்சுவரின் அகலம் 30 செ.மீ. மட்டுமே, எனவே பக்கச் சுவர்கள் இரண்டும் முன்புறம் விரிந்து சாய்வாக நிற்கும். தீக்கு மேலே தொண்டையின் ஆழம் 10 செ.மீ. அதற்கு மேல் புகையறை, கவிழ்த்த புனல்போல் சுருங்கிக் குழாயில் சென்று சேரும்.

குழாயின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. வாயின் பரப்பு 60 × 50, அதாவது 3,000 சதுர செ.மீ. ஒருமாடி வீட்டின் புகைபோக்கி உயரம் குறைந்தது. ஆகவே குழாயின் பரப்பு வாயின் பரப்பில் எட்டில் ஒரு பங்கேனும் இருத்தல் நலம். அது 375 சதுர செ.மீ. ஆகும். 22.5 செ.மீ. விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் பரப்பு ஏறத்தாழ 398 சதுர செ.மீ. என்பதால் அது போதும்.

உயரத்தில்தான் நான் தவறினேன். புகைபோக்கி, தளத்தின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 90 செ.மீ. உயர வேண்டும், அத்துடன் 3 மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள எதனைக் காட்டிலும் 60 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். மேஸ்திரி இரண்டாவது விதியையும் சொன்னார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மட்டத்தோடு நிறுத்தினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், செங்கல்லும் மிச்சம் என்று நான்தான் வற்புறுத்தினேன். முதல் தீ மூட்டிய அன்று மேற்குக் காற்று கைப்பிடிச் சுவரில் மோதிச் சுழன்று, புகை முழுவதையும் கூடத்துக்குள் திருப்பி அனுப்பியது. அம்மா இருமிக்கொண்டே வெளியே சென்று அமர்ந்தார். மறுநாள் புகைபோக்கியை 60 செ.மீ. உயர்த்தினோம். அன்றிலிருந்து இன்றுவரை அறைக்குள் புகை வந்ததில்லை. எங்கள் வீட்டில் தளத்தின் மேற்பரப்பு தரையிலிருந்து 3.2 மீட்டர், கைப்பிடிச் சுவர் 0.9 மீட்டர், ஆக, புகைபோக்கியின் உச்சி 4.7 மீட்டரில் நிற்கிறது.

சிமெண்டு எங்கே, தீச்செங்கல் எங்கே

கான்கிரீட் மேனி வேண்டும் என்றவுடன் கணப்பு முழுவதையும் கான்கிரீட்டில் வார்த்துவிடலாம் என்று சிலர் நினைக்கின்றனர். அது பெரும் பிழை. சாதாரண சிமெண்டு 400 டிகிரியைத் தாண்டினால் தன் பிணைப்பை இழக்கத் தொடங்கும். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றிக் கான்கிரீட்டைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். கருங்கல் ஜல்லியில் உள்ள குவார்ட்சு 573 டிகிரியில் திடீரென விரிவடையும். ஆற்றுக் கூழாங்கற்களை அழகுக்காகத் தீயருகே பதிப்பதும் ஆபத்து. அவற்றினுள் ஊறிய நீர் கொதித்து, கல் வெடிக்கக்கூடும்.

ஆகவே தீயைத் தொடும் உட்பகுதி தீச்செங்கல்லாலும், வெளியே தெரியும் உடல் சாதாரணச் செங்கல்லாலும், அதன் மேனி மட்டும் சிமெண்டாலும் அமைய வேண்டும். தீச்செங்கல் 230 × 115 × 75 மி.மீ. அளவில் கிடைக்கும். அதைச் சிமெண்டுக் கலவையால் இணைக்கலாகாது. தீக்களிமண் சாந்தைக் குழைத்து, 3 மி.மீ.க்கு மிகாத மெல்லிய இணைப்பாக வைக்க வேண்டும். தீச்செங்கல் உறைக்கும் வெளிச்சுவருக்கும் இடையே 3 செ.மீ. அளவு வெற்றிடம் விட வேண்டும். உறை சூடேறி விரியும்போது வெளிச்சுவரைத் தள்ளாதிருக்கவும், மேனி வெடிக்காதிருக்கவும் காரணம் அந்த இடைவெளியே.

கட்டும் முறை

முதல் நாள் சுவருக்கு வெளியே குழி தோண்டி, கெட்டியான மண் வரும்வரை சென்று, 1.4 × 0.8 மீட்டர் பரப்பில் 15 செ.மீ. கனத்துக்கு 1:2:4 கான்கிரீட் இட்டோம். தீமேடையின் அடிப்பகுதியைக் கருங்கல் துண்டுகளாலும் இடிபாட்டுச் செங்கற்களாலும் நிரப்பினோம். அகற்றிய சன்னல் சுவரின் செங்கற்கள் அதற்கே போதுமானவையாக இருந்தன. மேடையின் மேல் தீச்செங்கல் பரப்பி, பின்சுவரையும் பக்கச் சுவர்களையும் எழுப்பினோம்.

வாயின் மேலே 50 மி.மீ. இரும்புக் கோணச்சட்டம் உத்தரமாக நிற்கிறது. இரும்பு சூட்டில் நீளும் என்பதால் அதன் இரு முனைகளையும் சாந்துக்குள் இறுகப் புதைக்காமல், சற்றே இடம்விட்டு வைத்தோம். அதற்கு மேல் தொண்டை, புகையறை, குழாய் என்று வேலை சென்றது. புகையறையின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். மேடுபள்ளம் இருந்தால் கரி படியும். எஃகுக் குழாயைச் சுற்றி 10 செ.மீ. கனச் செங்கற்சுவர் எழுப்பி, வீட்டுச் சுவரோடு இரும்புப் பட்டைகளால் பிணைத்தோம். உச்சியில் மழைத்தொப்பியும், பறவை கூடுகட்டாமலும் தீப்பொறி பறக்காமலும் தடுக்கும் கம்பிவலையும் உண்டு.

வாயின் முன்புறம் 40 செ.மீ.யும், இருபுறமும் 20 செ.மீ.யும் கருங்கல் பலகை பதித்தோம். தெறிக்கும் தணல் தரைவிரிப்பில் விழாதிருக்க அது வேண்டும். கருங்கல்லுக்குக் குப்பம் பக்கத்துச் சுரங்கங்களைக் கொண்ட இந்நிலத்தில் பஞ்சமில்லை. வெட்டுப்பட்டறைகளில் எஞ்சும் துண்டுப் பலகைகளைக் கேட்டால் மலிவாகத் தருவார்கள். மரச்சட்டம், திரைச்சீலை, அலமாரி எதுவும் கணப்பின் வாய்க்கு அருகில் வேண்டாம்.

கான்கிரீட் மேனி

உள்ளே தெரியும் முகப்பில் 1:4 கலவையால் 12 மி.மீ. பூச்சு. பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் கோட்டில் கண்ணாடியிழை வலையைப் பதித்துப் பூசினால் வெடிப்பு விழாது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கி, ஏழு நாள் நீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும்.

அதன்பின் மேனிப்பூச்சு. மெல்லிய சல்லடையில் சலித்த மணலும் சிமெண்டும் சம அளவு எடுத்து, கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் பிணைப்பு நீர்மத்தைத் தண்ணீரோடு கலந்து, தோசை மாவுக்குச் சற்றுக் கெட்டியான பதத்தில் குழைத்துக் கொள்க. இதை 2 அல்லது 3 மி.மீ. கனத்துக்கு எஃகுக் கரணையால் தேய்க்க வேண்டும். ஒரே திசையில் இழுத்தால் வெறும் சிமெண்டுச் சுவர்போல் இருக்கும். கரணையைச் சற்றே சாய்த்து, சிறுசிறு வளைவுகளாக, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் தேய்த்தால் மேகம்போல் கருமையும் வெண்மையும் கலந்த சாயல் வரும். இளஞ்சாம்பல் வேண்டுவோர் வெள்ளைச் சிமெண்டு சேர்க்கலாம். பலகையடித்து வார்த்த கான்கிரீட் போலத் தோன்ற வேண்டுமெனில், பூச்சு இறுகத் தொடங்கும்போது நூல் பிடித்து மெல்லிய கோடுகள் கீறி, கோட்டின் மூலைகளில் புட்டி மூடியால் அழுத்தி வட்டத் தடம் பதிக்கலாம். எங்கள் மேஸ்திரிக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. "வாழ்நாளெல்லாம் சுவர் வழவழவென்று வர வேண்டும் என்று உழைத்தேன். இப்போது கறைபோல் வர வேண்டும் என்கிறீர்கள்" என்றார். முடிந்தபின் அவரே சற்று எட்ட நின்று பார்த்துவிட்டு, தம் மகளின் வீட்டில் இதேபோல் ஒரு சுவர் செய்யப்போவதாகச் சொன்னார்.

வாயைச் சுற்றி 15 செ.மீ. அகலத்துக்கு அக்ரிலிக் கலந்த பூச்சு வேண்டாம், சூட்டில் மஞ்சளாகிவிடும். அங்கே கருங்கல் பட்டையைச் சட்டமாக வைத்தோம். சாம்பல்நிற மேனிக்கு அந்தக் கருமை எடுப்பாகவும் அமைந்தது. ஈரம் முற்றிலும் உலர்ந்தபின் நீர்சார்ந்த காப்புப்பூச்சு ஒருமுறை அடித்தால் கைத்தடமும் எண்ணெய்க் கறையும் ஊறாது.

முதல் தீ

கட்டி முடித்தவுடன் தீ மூட்டிப் பார்க்கும் ஆவல் வீட்டில் எல்லோருக்கும் வரும். பொறுக்க வேண்டும். சிமெண்டு வலுப்பெற 28 நாள் ஆகும். அதன்பின்னும் முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி, மறுநாள் சற்றுக் கூடுதல் என ஐந்தாறு நாள் சிறுதீ மூட்டி ஈரத்தை மெல்ல வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உறையில் வெடிப்பு விழும்.

விறகு குறைந்தது ஆறு மாதம் உலர்ந்ததாக இருக்கட்டும். ஈர விறகு வெம்மை தராது. அதன் புகை குழாயில் தாராகப் படிந்து, ஒருநாள் குழாயே தீப்பற்றிக்கொள்ளும். மாந்தோப்புகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் கவாத்து செய்த மாங்கிளைகள் எளிதில் கிடைக்கும். சவுக்கும் புளியும் நல்லவை. வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, நெகிழி ஆகியவற்றை ஒருபோதும் எரிக்கலாகாது. செம்மரத்தின் பெயரையே எடுக்க வேண்டாம். சேஷாசலக் காடுகளின் அந்தச் செல்வத்தை வெட்டுவதும் வைத்திருப்பதும் குற்றம்.

தீ எரியும்போது எதிர்ச் சன்னல் ஒன்றை இரண்டு விரல் அளவாவது திறந்து வைக்க வேண்டும். புகைபோக்கி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வராவிடில் புகை திரும்பும். தணல் முற்றும் அவியுமுன் உறங்கச் செல்லலாகாது. கார்பன் மோனாக்சைடு உணர்கருவி ஒன்றைக் கூடத்தில் பொருத்துவது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், குழாயைத் தூரிகையிட்டுத் துடைக்க வேண்டும்.

செலவுக் கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே தொகையைச் சொல்வதைவிட அளவைச் சொல்வதே பயன்படும். எங்கள் கணப்பின் வெளியுடலும் புகைபோக்கியும் சேர்ந்து ஏறத்தாழ 1 கன மீட்டர் செங்கற்கட்டு. அதற்குச் சாதாரணச் செங்கல் 500. உடைவுக்குச் சேர்த்து 550. தீச்செங்கல் 40. சிமெண்டு, அடித்தளமும் பூச்சும் உட்பட 5 மூட்டை. அத்துடன் மணல், ஜல்லி, தீக்களிமண் ஒரு மூட்டை, எஃகுக் குழாய், கோணச்சட்டம், கருங்கல் துண்டுகள். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் இடைவெளி விட்டு ஏறத்தாழ ஒரு வாரம் வேலை செய்தனர். இந்தப் பட்டியலை எடுத்துச் சென்று உங்கள் ஊர்க் கடைகள் மூன்றில் விலை கேளுங்கள். வரும் மொத்தத்தோடு பத்தில் ஒரு பங்கைச் சேர்த்து வையுங்கள். கைப்பிடிச் சுவரைக் காட்டிலும் புகைபோக்கியை உயர்த்த வேண்டிவரும்போது அது கைகொடுக்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டின் மீதான சரக்கு, சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. ரசீதுடன் வாங்கினால் அந்தக் குறைவு உங்களுக்குக் கிடைத்ததா என்பதைச் சரிபார்க்கலாம்.

இப்பணியில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்களும் உண்டு, கூடாத இடங்களும் உண்டு. இடித்த செங்கல், பட்டறைக் கருங்கல், விலையுயர்ந்த பூச்சுக்கு மாற்றாகச் சிமெண்டு மேனி ஆகியவற்றில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். தீச்செங்கல், குழாயின் விட்டம், புகைபோக்கியின் உயரம் ஆகிய மூன்றிலும் ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம். மேனி கெட்டால் மறுபடி பூசிக்கொள்ளலாம். புகைவழி கெட்டால் அதன் விலையைக் கொடுப்பது உறங்குகிறவரின் மூச்சு.

இத்தகைய சிறு பணிக்குக் கடன் பெறுவதைக் காட்டிலும், சித்திரையிலேயே ஒரு தொடர்வைப்புக் கணக்கைத் தொடங்கி ஆறு மாதம் சேமித்தால், ஐப்பசியில் வேலையைத் தொடங்கிப் பொங்கலுக்குள் தீ மூட்டலாம். வீட்டுக்கடன் நடப்பில் இருப்பின், சன்னலை அகற்றிக் கட்டடத்தை மாற்றுவதற்கு முன் உங்கள் கிளைக்கு எழுத்துவழி தெரிவித்து இசைவு பெறுங்கள். வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் இழப்பீடு கோரும் நாளில் கேள்வி எழும். உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி தேவையா என்பதையும் கேட்டறிந்து தொடங்குவது நலம்.

கடந்த மார்கழியில் ஹார்ஸ்லி மலைப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கிய ஓர் இரவில், அம்மா கணப்பின் முன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். எதிர்ச் சன்னல் வழக்கம்போல் இரண்டு விரல் அளவு திறந்திருந்தது. "தம்பி, அந்தச் சன்னலைச் சாத்தேன், காற்று வருகிறது" என்றார். சாத்த மறுத்துவிட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்தினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, இருக்கட்டும். அந்த இரவு சாத்தியிருந்ததுதானே" என்றார். பழைய குமுட்டி இன்று எங்கள் கொல்லையில் துளசிச் செடிக்குத் தொட்டியாக இருக்கிறது.